நான் இன்னும் முடிக்கவில்லை

ஜூலை 8

அம்மா வேலையை விட்டுவிட்டாள். அலுவலகத்து நண்பர்கள் கொடுத்த ஒரு தொட்டிச் செடியும், லேப்டாப் இல்லாததால் தொளதொளத்துப் போன பையுமாக வந்தாள். அப்பா கதவைத் திறந்து குனிந்து, "வாங்க முதலாளியம்மா!" என்றார். சிரித்தாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

திக்கிப் பேசும் பிள்ளைகள் சத்தமாக வாசித்துப் பழக ஒரு செயலி செய்யப்போகிறாளாம். சொந்தமாக ஒரு நிறுவனம். திக்கிப் பேசும் பிள்ளைகள் என்றால் யார்? இந்த வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.

அப்படியானால் என்னால்தானே?

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேனா மட்டும்தான் எனக்குத் திக்குவதே இல்லை.

ஜூலை 21

சாப்பாட்டு மேசை ஆபீஸாகிவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பழைய ஆபீஸிலிருந்து அம்மாவோடு வந்துவிட்ட சோடாபுட்டி மாமா, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசைக்கடியில் தேடுகிறார்.

செயலியைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அம்மா பக்கத்தில் உட்கார, நான் கடகடவென்று வாசித்தேன்; சரியாக வாசித்த வார்த்தைகள் திரையில் பச்சையாக மாறின. "பாருடா, எல்லாமே பச்சை!" என்று மாமாவிடம் துள்ளினாள்.

அவளோடு இருக்கும்போது எனக்கு அவ்வளவாகத் திக்காது. என் வார்த்தையைப் பிடுங்கி அவள் முடித்துவைக்க மாட்டாள். உள்ளங்கையை விரித்து அப்படியே மேசைமேல் வைப்பாள். அவசரமில்லை என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 2

வகுப்பில் வாசிக்க என் முறை. பறவைகள் பாடம். 'மரங்கொத்தி' வரவே இல்லை. ம-வில் வாய் மூடியது மூடியதுதான். பின்பெஞ்சிலிருந்து, "வண்டி ஸ்டார்ட் ஆகல, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க!" டீச்சர் பாவப்பட்டு, "சரி, நீ உக்காரும்மா" என்று அடுத்தவளைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அம்மா வெளியே போயிருந்தாள். தனியாகச் செயலியைத் திறந்து அதே பாடத்தை எடுத்தேன். வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதே ம-வில் நின்றுவிட்டேன். திரையில் நட்சத்திரங்கள் கொட்டின. "அருமை! வாசித்து முடித்துவிட்டாய்!"

இன்னொரு தடவை வாசித்தேன். "அருமை! வாசித்து முடித்துவிட்டாய்!"

முடிக்கலையே! நான் எங்க முடிச்சேன்? டீச்சராவது சும்மா உட்காரச் சொன்னார். இது பாராட்டி உட்கார வைக்கிறது.

அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் திக்கி நின்றால்தானே தெரியும்?

ஆகஸ்ட் 3

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

அடுத்த சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி டாக்டர் தன்னிடம் வரும் பிள்ளைகளிடம் செயலியைக் கொடுத்துப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு எல்லாம். அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இது சரிவரலைன்னா பழைய மேனேஜருக்கே போன் பண்ணிடறேன். போதும்."

"பண்ணு. நான் போனை ஒளிச்சு வெச்சிடறேன்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால், அங்கே ஒவ்வொரு பிள்ளையும் பாதியில் நிற்கும்போது நட்சத்திரம் கொட்டும். அதுங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியுமே. ஐயோ, நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 13

வாசித்தே காட்டிவிட்டேன்.

சோடாபுட்டி மாமாவை எதிரே உட்காரச் சொன்னேன். அம்மாவை உள்ளறைக்குப் போகச் சொன்னேன். "என்னடி ரகசியம்?" என்று போனாள். ம— அவ்வளவுதான். "அருமை! வாசித்து முடித்துவிட்டாய்!" மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ப— பயமா இருந்துச்சும்மா. எனக்காகத்தானே வேலையை விட்ட? இதுவும் போச்சுன்னா?"

அம்மா தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன்னைப் பாத்து ஆரம்பிச்சேன் கண்ணு. ஆனா எனக்குப் பிடிச்சுதான் செய்யறேன். தோத்தாலும் அது என்னோடது. உன் தலையில ஏத்திக்காத." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்கம்மா சரியான மக்கு. நான் உனக்காகக் காத்திருப்பேன், மெஷினுக்கு அதைச் சொல்லித்தர மறந்துட்டேன்."

மாமா மெல்ல, "நாந்தான்க்கா எழுதினேன், சத்தம் நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு. எனக்குப் போன்ல அப்படித்தானே நடக்குது? நான் பேசிட்டே இருப்பேன், அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. பாத்தா அவ எப்பவோ கட் பண்ணியிருப்பா."

"உன் காதல் கஷ்டத்தை ஏண்டா என் ஆப்ல போட்ட?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அப்பா எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 14

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?" என்று அம்மா கேட்டாள், நான் பெரிய அதிகாரி மாதிரி. "முடிச்சிட்டேன்னு நானே சொல்ற வரைக்கும்" என்றேன். நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் 'முடித்தேன்' என்று ஒரு பொத்தான் வைத்து, மேலே மாமா ஒரு உள்ளங்கை வரைந்தார். கையுறை மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 16

டாக்டரிடம் நானும் போனேன். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டாள். அவள் அம்மா வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். திரையில் உள்ளங்கை. சத்தமே இல்லை. அப்புறம் வார்த்தை வந்தது. அவள் கடைசிவரை வாசித்து, 'முடித்தேன்' பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மூட்டைப்பூச்சியை நசுக்குகிற மாதிரி!

"காத்திருக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"என்... என் பொ..." என்று அம்மா ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. டாக்டரும் மாமாவும் ஒரே நேரத்தில் உதவிக்கு வாயெடுத்தார்கள்.

நான் உள்ளங்கையை மேசைமேல் வைத்தேன்.

"என் பொண்ணு" என்றாள் அம்மா.

செயலியைப் பிள்ளைகள் பழக அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் டாக்டர்.

செப்டம்பர் 4

வகுப்பில் இன்று வாசிக்கும்போது மறுபடியும் திக்கி நின்றேன். டீச்சர் அடுத்தவளைப் பார்த்தார். "நான் இன்னும் மு— முடிக்கல டீச்சர்." காத்திருந்தார். பின்பெஞ்சு என்னமோ சொன்னது, காதில் விழவில்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறுமுனையில் அம்மா டாக்டருக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "என்னடி எழுதற?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல அவசரப்படவில்லை. அவள் விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.