ஒரே மண்ணில் மூன்று மலை நாற்று

மட்டாஞ்சேரி
12-7-1962

சௌ. சீதாலக்ஷ்மிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மழை விடாமல் கொட்டினாலும் நானும் அப்பாவும் சௌக்கியமாகவே இருக்கிறோம், சிம்லா குளிரில் நீயும் அப்படியே இருக்க குருவாயூரப்பன் துணை.

உன் கடிதம் வந்தது. ஒரே சாதிப் பைன் மரத்தின் விதையை மூன்று மலைகளிலிருந்து கொண்டுவந்து, ஒரே மண்ணில் ஒரே உரம் போட்டு வளர்த்தும், ஒரு மலையின் நாற்று மட்டும் பாஸ்பரஸை அதிகமாக உறிஞ்சுகிறது என்று நீ கண்டுபிடித்ததை, அடையாளச் சீட்டு மாறியிருக்கும் என்று உன் மேலதிகாரி ஒதுக்கிவிட்டாராமே. அதற்காக வேலையை விட்டுவிட்டு எர்ணாகுளத்து வரனுக்குச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார், ஊறுகாய்ப் பரணிக்கெல்லாம் பெயரும் தேதியும் எழுதி ஒட்டின பெண்ணா சீட்டை மாற்றுவாள் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

போன ஞாயிறு அந்த எர்ணாகுளத்துக்காரர்கள் போட்டில் வந்தார்கள், பையன் சிவசங்கரன், அவன் அம்மா, அவனுடைய வக்கீல் மாமா நீலகண்டன். காப்பி கொடுத்து நான் உட்காருவதற்குள் மாமா, "மரம் என்ன திங்கறதுன்னு பாக்க இத்தனை தூரத்திலே ஒரு பொண்ணு இருக்கணுமா? உடனே ராஜினாமா எழுதச் சொல்லுங்கோ" என்றார். உன்னைக் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன், "அவ எழுத மாட்டா. இன்னொரு தரம் விதைச்சு, சொன்னது சரிதான்னு காட்டிட்டுத்தான் வருவா." மாமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நல்ல இடமாச்சே என்று அப்பா அன்று முழுக்க முகம் வாடி இருந்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யார் மேலோ உள்ள கோபத்தில் ஒரு வீட்டுக்குள் போய் நின்றால் அந்த வீடு உனக்கு எப்படிப் பிடிக்கும்?

மறுநாள் சிவசங்கரன் தனியாக வந்து உன் நாற்று விஷயத்தை விவரமாகக் கேட்டான், நீ எழுதியதைச் சொன்னேன். காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவன் அல்லவா, "மூணு பாத்திக்கும் வெயில் ஒரே மாதிரி கிட்டித்தான்னு கேட்டு எழுதணும் மாமி, விலாசம் தருவேளா" என்றான். எத்தனை நாளானாலும் காத்திருப்பானாம். உன் விலாசத்தை நீதான் தரவேண்டும் என்று சொல்லி அவன் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். அப்பா அவனை போட் ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டார், திரும்பும்போது முகம் தெளிந்திருந்தது.

ஆகையால் புது விதை கேட்டு வாங்கு, பாத்திகளை இடம் மாற்றிப் போடு, சீட்டை நீயே எழுதி மேலதிகாரியையும் கையெழுத்துப் போடச் சொல். அதே விடை வந்தால் அதை உன் பெயரைப் போட்டே மேலிடத்துக்கு அனுப்பு. கம்பளிக் காலுறை இல்லாமல் நாற்றங்காலில் நிற்காதே, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

எடுத்த காரியம் உன் கையால் நிறைவேறட்டும். சிவசங்கரன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. முதலில் விதையை ஊன்று, அப்புறம் மனசிருந்தால் அவனுக்கு எழுது.

இப்படிக்கு, உன் அம்மா
கமலாக்ஷி