குடத்தோடு போன ஆள்

புரட்டாசி 24, வெள்ளி

காலையில் வெயில். மதியத்திலிருந்து மேகம். சாமை பழுத்து நிற்கிறது, ரெண்டு ஏக்கர். பெரிய மழை விழுந்தால் மணியெல்லாம் தரையில். அறுக்க நானும் வீட்டுக்காரரும் மட்டும்.

எங்கள் மலையில் அறுப்புக்குக் கூலி கிடையாது. இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ. இந்த வருசம் எங்களுக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. காரணம் வீட்டுக்காரர். பேர் சின்னப்பையன், வயது ஐம்பத்து மூன்று. ஆடி மாசம் ஓடைத் தண்ணிக்காகக் கீழூரோடு சண்டை. வீட்டுக்கு ஒரு ஆம்பளை, கையில் கம்பு என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். இவரும் போனார், தோளில் தண்ணிக் குடத்தோடு. "அடிக்க மாட்டேங்க. அடிபட்டவன தூக்குறேன்" என்றாராம். போதாததற்கு, மண்டை உடைந்து கிடந்த கீழூர் முருகேசனுக்கு அந்தக் குடத்துத் தண்ணியைக் கொடுத்திருக்கிறார். அன்றோடு எங்கள் வாசலை யாரும் மிதிப்பதில்லை.

சந்தையில் வாங்க வேண்டியது: உப்பு, சோப்பு, அரிவாளுக்குப் பிடி. குடத்துக்காரரை அனுப்பக் கூடாது. சந்தையில் எல்லாருக்கும் தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பார்.

புரட்டாசி 25, சனி

அரை ஏக்கர் முடிந்தது. இடுப்பு போச்சு. மதியம் பள்ளிக்கூடத்தில் படம். போளூர் டீச்சர் படம் காட்டும் பெட்டி கொண்டுவந்தார். ஜன்னலுக்குச் சாக்கு, திரைக்குக் கவுண்டரின் வேட்டி. சண்டைப் படம் என்று ஊரே வந்துவிட்டது. நாங்கள் கடைசியில். சுத்தி நாலு பேர் உட்காரும் இடம் காலி. காலை நீட்டிக்கொள்ள வசதி.

வேறு தேசம், வேறு பாஷை. டீச்சர் நின்று அர்த்தம் சொன்னார். மலையில் கோவேறு கழுதை வைத்துப் பாரம் ஏற்றுகிறவன் ஒருத்தன். யுத்தம் வருகிறது. குண்டுப் பெட்டி ஏற்று என்கிறார்கள். ரொட்டி ஏற்றுகிறான். காயம்பட்டவனை ஏற்றுகிறான். குண்டு மட்டும் ஏற்ற மாட்டான். அதிகாரி கத்துகிறான். இவன் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான்.

"இன்னாடா இது, சண்டையே காணோம்" என்று முன்னாலிருந்து ஒருத்தன்.

"பாரம் ஒரு பக்கமா சாயுது பாரு. கட்டவே தெரில அவனுக்கு" என்று இன்னொருத்தன்.

ஜெயிலில் போட்டார்கள். பெண்டாட்டி பார்க்கப் போகிறாள். ஒரே ஒரு பெட்டி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சுகிறாள். சண்டைக்குப் போன காலையில் நானும் இவர் கையில் கம்பைத் திணித்து இதைத்தான் சொன்னேன்: "சும்மா புடிச்சிக்கினு நில்லுய்யா, அடிக்காத." வாங்கிச் சுவரில் சாத்தினார். குடத்தை எடுத்தார்.

கடைசியில் அவன் வரவில்லை. கழுதைகள் மட்டும் தாமாக வழி கண்டு வீட்டுக்கு வந்தன. சண்டை எங்கே என்று கேட்டவர்கள் படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. எனக்கு முந்தானை நனைந்துவிட்டது. பக்கத்தில் குறட்டை. ஜெயில் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார்.

வரும் வழியில்,

"இன்னாமே கதை?"

"உன் கதைதான்யா."

"நான் கழுதை மேய்க்கலியே."

"நான்தான் மேய்க்கறேன்."

சிரித்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன். அன்றைக்கு என் பேச்சைக் கேட்காததற்கு நன்றி. வீடு வந்து சேர்ந்ததற்கும்.

புரட்டாசி 26, ஞாயிறு

விடியலில் தூறல். நின்றது. ஏழு மணிக்கு வரப்பில் கீழூர் முருகேசனும் அவன் சம்சாரமும், கையில் அரிவாள். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பு.

"ஆள் இல்லேன்னு கேள்விப்பட்டோம்ணே."

எனக்குப் பயம். கீழூர் ஆள் எங்கள் காட்டில் இறங்கினால் ஊர் ஒரேயடியாக ஒதுக்கிவிடும். இவரைத் தனியாக இழுத்து, "இன்னாய்யா பண்றது?"

"அறுக்க வந்தவங்கள இன்னா பண்ணுவாங்க. அறுக்கட்டும்."

பத்து மணிக்குக் கவுண்டர் வீட்டம்மா காசியம்மா அக்கா வந்தார். வந்துவிட்டது பஞ்சாயத்து என்று நினைத்தேன். பார்த்தால் இடுப்பில் அரிவாள்.

"உங்க மேல கோவந்தான். சாமை மேல இன்னா கோவம்? கொட்டுனா குருவிதான் தின்னும்."

"கவுண்டருக்குத் தெரியுமாக்கா?"

"படம் பாத்துட்டு வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல அந்த ஆளு. நான் அரிவாள எடுத்தத பாத்துக்கினுதான் இருந்தாரு."

அப்புறம் முருகேசன் பக்கம் திரும்பி, "ஏம்பா கீழூரு, அடியோட அறு. முடி வெட்ற மாதிரி வெட்றியே."

அவன் சம்சாரம் சிரித்துவிட்டாள். நானும் குனிந்து அறுக்க ஆரம்பித்தேன்.

மதியம் தண்ணி. அதே குடம். முருகேசன் குடித்துவிட்டு வைத்தான். அக்கா கையை நீட்டினார், நிறுத்தினார், குடத்தையே பார்த்தார். அப்புறம் தூக்கி அண்ணாந்து குடித்தார், நிறுத்தாமல்.

"கனமா கீதே இது."

"சண்டை அன்னிக்கி இன்னும் நெறய இருந்துதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

பொழுது சாய்வதற்குள் அஞ்சு பேருமாக முடித்தோம்.

புரட்டாசி 27, திங்கள்

விடாத மழை. சாமைக் கட்டு அத்தனையும் வீட்டுக்குள். படுக்க இடமில்லை, கட்டு மேலேயே படுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு. இப்படி ஒரு சந்தோசமான அரிப்பு பார்த்ததில்லை.

கவுண்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெயில் வந்ததும் அவர் காட்டில் கேழ்வரகு அறுப்பு. நாங்கள் ரெண்டு பேரும் வர வேண்டும், குடத்தோடு.