வேகத்தடை

மார்ச் 3, திங்கள்

புரோகிராமில் பிழை தேடும் என் கருவி, டீபக்கரின் புதிய வடிவத்தை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு வருட உழைப்பு. புரோகிராம் விழுந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் போய், எங்கே கால் இடறியது என்று பார்க்கலாம். பாதிப் பேர் கைபேசியை நோண்டினார்கள். பிரிண்ட் மன்னன் கொட்டாவி விட்டான். பெயர் நான் வைத்ததுதான். கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் வரிக்கு வரி ‘இங்கே வந்தேன்’, ‘இங்கேயும் வந்தேன்’ என்று புரோகிராமை அச்சடிக்க வைப்பான். அவன் மூளைக்கு அது போதும்.

மார்ச் 5

மேனேஜர் கூப்பிட்டார். யாரும் தொடாத கருவிக்கு இரண்டு பேர் எதற்கு என்று மேலிடம் கேட்கிறதாம். மாதக் கடைசியில் எங்கள் பிரிவை மூடிவிடுவார்களாம். இரண்டு பேர் என்றால் நானும் பக்கத்து இருக்கைக்காரியும். அவள் கணவருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. மேலிடத்தில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா? அந்த மனுஷனுக்கே தெரியாது.

மார்ச் 11

பேருந்து டிக்கெட் புரோகிராம் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கிறது. பேருந்துக்குள் அடிதடி. பிரிண்ட் மன்னன் அச்சடித்துத் தள்ளி ஓய்ந்துபோனான். வேறு வழியில்லாமல் என் டீபக்கரை மாட்டினார்கள். மாட்டினால் கோளாறைக் காணோம், கழற்றினால் வந்துவிடுகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. டீபக்கரோடு ஓடும்போது புரோகிராம் மெதுவாகிறது. அதனால் ஒரே நொடியில் ஒரே இருக்கையைக் கேட்கும் இரண்டு பேர் மோதிக்கொள்வதில்லை. பிழை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. சொன்னேன். யார் காதில் ஏறும்?

மார்ச் 12

டீபக்கரை மாட்டியபடியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்கள்! பிரேக் பிடிக்காத வண்டியைப் பின்னாலிருந்து ஓர் ஆளை விட்டு இழுத்துப் பிடிக்கச் சொல்வது மாதிரி. மேனேஜரிடம் கேட்டால், “ஓடுதுல்ல? அப்புறம் என்னம்மா?” என்கிறார். எங்கள் பிரிவு தப்பித்தது. பக்கத்து இருக்கைக்காரி சந்தோஷத்தில் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 19

பிழையைப் பிடித்துவிட்டேன், என் கருவியை வைத்தே. இருக்கை காலியா என்று பார்ப்பது ஓர் இடம், அதைப் பூட்டுவது வேறோர் இடம். நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுகிறார். இரண்டையும் ஒன்றாக்கினால் தீர்ந்தது. எழுதிய புண்ணியவான் யார்? நம் மேனேஜரேதான், பதவி உயர்வுக்கு முன்னால். தூ!

திருத்தம் தயார். அனுப்பினால் டீபக்கரைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் — நாங்கள் இருவரும் வீட்டுக்கு.

அவளிடம் காட்டினேன். வரி வரியாகப் படித்தாள். “நீ பண்ணினது சரிதான்டி. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் அனுப்பாத.”

மார்ச் 20

அனுப்பவில்லை.

ஏப்ரல் 2

பிரிண்ட் மன்னன் வந்து கைகுலுக்கினான். உன் டீபக்கர் இல்லையென்றால் மானம் போயிருக்கும் என்றான். அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். எதற்கு, அதுதான் ஓடுகிறதே என்கிறான். இவர்களோடு குப்பை கொட்ட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 24

புதிய சர்வர் வந்தது. நல்ல வேகம். உடனே பழையபடி ஒரே இருக்கைக்கு இரண்டு பேர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஊர் போய்ச் சேரும்வரை நின்றுகொண்டே போனாளாம். மேனேஜர் ஓடி வந்தார். “உன் கருவி சரியில்லம்மா. முன்ன மாதிரி ஆக்கிக் கொடு.”

திருத்தம் என் கணினியில் அப்படியே இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் நாளைக்கே யார் தூக்கிக் கொடுக்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 25

டீபக்கருக்குள் ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் அரை நொடி சும்மா இரு என்று சொல்லும் வரி. இதை வேகமாக்கத்தான் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

புகார் நின்றுவிட்டது. மாலையில் எல்லோர் முன்னும் மேனேஜர் என்னைப் பாராட்டினார். கைதட்டினார்கள். எழுந்து நின்று நன்றி சொன்னேன். என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் இவர் மட்டும் கேட்டார். “அந்த சீட் பிரச்சினை என்னாச்சு?”

“ஓடுதுல்ல,” என்றேன்.