மரைக்கார் பதவியும் ஒரு மராட்டியப் போரும்

12 ஒக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40
கல்முனைக்குடி

கடித இலக்கம் 3: பள்ளிவாசல் கூட்டத்தில் நான் எழுந்து நின்றமை பற்றி

என் அருமைக் காக்கா, கூடப்பிறந்த மூத்தவரே,

கபுறுக்குள் அடங்கியிருக்கும் உங்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

இத்திகதியை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தேன். 1707ஆம் ஆண்டு இதே நாளில்தான் மராட்டியர் கேட் என்னும் ஊரில் தமக்குள் பொருதினர். விதவை அரசியொருத்தி தன் மகனுக்காக அரியணையைக் காத்து நின்றாள். கணவனுடைய தமையன் மகன் மொகலாயச் சிறையிலிருந்து மீண்டு அதைக் கேட்டு வந்தான். அவனை மறிக்க அரசி அனுப்பிய தளபதியோ, உரிமை அவனதே எனக் கண்டு அவன் பக்கம் சேர்ந்தான். போர் அதோடு முடிந்தது. நான் வகுப்பில் இதைப் படிப்பித்துவிட்டு வந்து சொல்லும்போதெல்லாம் நீங்கள் ஒன்றையே சொல்வீர்கள்: "உப்பத் திண்டுட்டு மாறின ஆள்டா அவன்."

நம் குடியின் பிரதிநிதியாக, மரைக்காராக, பள்ளிவாசலில் நீங்கள் வகித்த இடம் உங்களுக்குப் பின் யாருக்கு? நோயில் கிடந்தபோது என் கையைப் பிடித்தீர்கள். "எண்ட மகன உட்டுப்போடாத." ஓம் என்றேன். ஆனால் குடி தாய்வழியே வருவது. உங்கள் மகனோ தன் தாயின், என் மச்சியின், குடி. உரிமை நம் தங்கையின் மகனுக்கு, கட்டாரிலிருந்து திரும்பி வந்தவனுக்கு.

மகனுக்காகப் பேசும்படிதான் மச்சி என்னைக் கூட்டத்துக்கு அனுப்பினார். என்னிடமோ உங்கள் பழைய கடிதம் இருந்தது. முன்பு மரைக்காராக இருந்த மாமா மௌத்தாகிப் போன பின், அவருடைய மகனை விலக்கி, தாய்வழியில் பதவி உங்களுக்கே உரியது என்று பள்ளிவாசல் நிருவாகத்துக்கு நீங்கள் எழுதியது. வேறெவரிடமும், நிருவாகத்திடமும்கூட, இப்போது அது இல்லை. கிழித்திருக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன். வேறொன்றும் கதைக்கவில்லை.

பதவி தங்கையின் மகனுக்கென்று முடிவாயிற்று. உங்கள் மகன் என் முகத்தைப் பாராமல் எழுந்து போனான். இப்போது வேறு பள்ளியில் தொழுகிறான். மச்சியும் தங்கையும் பேசுவதில்லை. சென்ற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் மச்சியின் வீட்டு வாசலில், கடப்படியில், நின்று சலாம் சொன்னேன். உள்ளே அவர் மகளிடம் சொன்னது கேட்டது: "தளபதியார் வந்திரிக்காராம். கதிரைய உள்ளுக்கு எடு புள்ள."

நீங்கள்தானே அவருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள்?

நீங்கள் எழுதியதற்கா, கேட்டதற்கா, எதற்கு நான் உண்மையாக இருந்திருக்க வேண்டும்? அந்தத் தளபதி மறு ஆண்டே இறந்துபோனான். எனக்கு வயது எழுபத்தெட்டு.

உங்களுக்குச் சொன்ன ஓம் இன்னும் என்மேல் கிடக்கிறது. நடக்க முடிந்த வரை ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கடப்படிக்குப் போவேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் சலாம் சொல்வேன்.

உங்கள் பேச்சை ஒருமுறை மட்டும் மீறிய,
தம்பி

இத்துடன் இணைத்திருப்பவை:
1. நிருவாகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம். பிரதி எடுத்து வைக்கவில்லை.
2. மேற்படி போர் பற்றிய பாடக்குறிப்பு, ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்துடன்.
3. உங்கள் மகனுக்காகப் பேச நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்கள். வாசிக்கப்படாதவை.