அரைத்துக் குறைத்த டை

லூயிஸ்டவுன், மொன்டானா
அக்டோபர் 14

அன்புத் தம்பி லாயிடுக்கு,

ஓரின் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. இந்த ஒரு விஷயத்தையாவது படி: பழைய கூடுகளில் மருந்து நிரப்பி நான் கொடுத்தனுப்பிய தோட்டாக்களை இனிமேல் சுடாதே. ஒன்றைக்கூடச் சுடாதே.

இங்கே நாங்கள் சௌக்கியம். உன் அண்ணி மார்லீனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மலையில் முதல் பனி விழுந்துவிட்டது, எல்க் மான்கள் கீழே இறங்க ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை நீ வேட்டைக்குப் புறப்படுவாய் என்று உன் மனைவி நாடீன் சொன்னாள். அதனால்தான் அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ குறி சரிபார்க்கச் சுட்ட பத்து வெற்றுக் கூடுகளை, மறுபடி நிரப்புவதற்காக அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்கு வருஷமாக என் போனை எடுக்காதவன் நான் நிரப்பிய தோட்டாவைச் சுட்டிருக்கிறான் என்று மார்லீனிடம் இரண்டு தடவை சொன்னேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று கூடுகளில் அடிக்குச் சற்று மேலே, சுற்றிவரப் பளபளவென்று ஒரு கோடு. கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுகிறது. பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது. உன்னிடம் மீதி இருக்கும் நாற்பதும் அதே பழைய கூடுகள்தான். அடுத்தது துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாக விட்டுப்போனால், வெடிப்பு பின்பக்கமாக உன் கண்ணுக்குத்தான் வரும்.

உன் துப்பாக்கியில் கோளாறு இல்லை. தப்பு என்னுடையது. சுட்ட கூட்டை அமுக்கி அளவுக்குக் கொண்டுவரும் இரும்பு அச்சு, அதாவது டை, என்னிடம் இரண்டு இருக்கிறது. என் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை கொஞ்சம் குட்டை, எதைப் போட்டாலும் முரண்டு பிடித்தது. போன குளிர்காலத்தில் ஒரு டையின் வாயை மயிரிழை அளவு அரைத்துக் குறைத்தேன். கூடு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் அமுங்கியது, என் துப்பாக்கிக்குக் கச்சிதமாக இருந்தது. அரைத்த கையோடு அதன் டப்பாவின் மேல் ‘அரைத்துக் குறைத்தது’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உனக்கு நிரப்ப உட்கார்ந்தபோது கையில் வந்தது அதுதான். உன் துப்பாக்கியின் அறைக்கு அந்தக் கூடு குட்டை, சுடும்போது மீதி இடத்தை நிரப்பப் பித்தளை இழுபடுகிறது.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கத் தெரியுது, ஒரு டப்பா மேல ரெண்டு வார்த்தை எழுத உங்களுக்கு நேரமில்லையா?” என்று மார்லீன் கேட்டாள். எழுந்துபோய் அதை அப்போதே எழுதிவிட்டு வந்தேன்.

ஒருத்தன் வீட்டில் நிரப்பியதை இன்னொருத்தன் சுடக்கூடாது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தும், அண்ணன் நிரப்பினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சுட்டிருக்கிறாய்.

நான்கு வருஷத்துக்கு முன் வேட்டைக் கூடாரத்தில், தோட்டா போட்ட துப்பாக்கியோடு வேலி தாண்டினாய் என்று அத்தனை பேர் முன்னால் உன்னைக் கவனமில்லாதவன் என்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அந்த வார்த்தை எனக்குத்தான் பொருந்துகிறது. அவர்கள் எல்லோரிடமும் நீ இதைச் சொல்லிச் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நாடீனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் சொல்லிப் பாத்துட்டேன். ‘கிளம்புற நேரத்துல அண்ணன் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு’ன்னு அவரு சொல்றாரு. நீங்களே கைப்பட எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

சனிக்கிழமைக்குக் கடையில் புதுப் பெட்டி வாங்கிக்கொள். என்மேல் உள்ள கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், லாயிட். அந்த நாற்பதை மட்டும் வைத்துக்கொள்ளாதே. நல்லபடியாகப் போய், இரண்டு கண்ணோடும் இறங்கி வா.

உன் அண்ணன்,
ஓரின்