கூப்பிடும் கை

12-7-1974, வெள்ளி

அம்மாவின் வலக்கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கியதைத்தான் முதலில் பார்த்தேன். தேயிலைச் சரிவில் விழுந்து மேல்கை எலும்பு முறிந்தது. இன்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கை நிமிரவில்லை. விரல்கள் யாரையோ வா வா என்றன.

"எலும்பை ஒட்டிப் போற நரம்பு நசுங்கியிருக்கு. சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு ரோசம்மா சித்தி பார்த்துச் சிரித்தாள். "யாரைக்கா கூப்பிடுதே? குழியில கெடக்க மச்சானையா?"

"வந்தா நீயே வச்சுக்கடி. எனக்குக் கொழுந்து கிள்ளக் கை வேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைப் புதைத்த மேட்டிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசல் நன்றாகத் தெரியும். அம்மா அந்த வாசலில்தான், கை மேட்டைப் பார்த்துத் தொங்க, உட்கார்ந்திருந்தாள்.

அருகில் போய், அந்தக் கையைப் புரட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி அவள் மடியில் வைத்தேன்.