பதினாறு கிலோ

பிப்ரவரி 10, 2025

தம்பிக்கு இரண்டு கிட்னியும் போனது பழைய செய்தி. என்னுடையது அவனுக்குப் பொருந்துகிறது என்பது இன்றைய செய்தி. புதுச்சேரி டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரத்தம் சேருது, எல்லாம் சேருது. எடைதான் இடிக்குது. எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்கம்மா, அப்புறம் பேசலாம்."

நான் எண்பத்தெட்டு.

கிளாட்வினுக்கு முப்பத்தொரு வயது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொடுக்க நான் ஒருத்திதான். ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது என்றார் டாக்டர்.

என் கணவர் கையெழுத்தும் வேண்டுமாம். பயந்துகொண்டே இவரிடம் சொன்னேன். "தாராளமா குடு இசபெல்லா. எழுபத்திரண்டு வந்த அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்" என்றார், ஒரு நொடி யோசிக்காமல். அழுதுவிட்டேன். இவர் உடனே போய் வாங்கி வந்த பரோட்டா நாலும் அந்தச் சந்தோஷத்திலேயே உள்ளே போயிற்று. நாளையிலிருந்து.

பிப்ரவரி 13

நாளையிலிருந்து என்றது இன்றுதான் விடிந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்க ஐந்து மணிக்கே கிளம்பினேன், கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு. கடற்கரைச் சாலையில் பாதிகூடப் போகவில்லை, மூச்சு வாங்கி, சாலையோரம் ஓடும் ஆற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன ஒருவன், ஓட்டுகிறவனிடம், "லோடு லாரி நிக்குது, ஒதுங்கிப் போடா" என்றான்.

பிப்ரவரி 14

போகவில்லை.

மார்ச் 5

சாம்பல் புதன். மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எடை மெஷினில் ஏறினேன். எண்பத்தாறரை. சோற்றைக் குறைத்ததை எல்லாரும் தவக்கால ஒறுத்தல் என்று நினைக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று, விளக்கம் சொல்ல வேண்டாம். இவர்தான் பாசத்தில் வாராவாரம் அல்வா வாங்கி வந்துவிடுகிறார்.

பக்கத்து வீட்டு சித்திக்கா சர்க்கரைக்காக நடப்பவள். ரமலான் நோன்பு வைத்துக்கொண்டும் விடாமல் நடக்கிறாள். "தனியா நடந்தாத்தான் ஊரே பாக்குற மாதிரி இருக்கும்க்கா. என் கூட வாங்க" என்றாள்.

மார்ச் 22

தம்பியைப் பார்க்கப் போனேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், அதற்கு மேல் கூடாது. "மீன் கழுவுற தண்ணி ஓடுறதப் பாத்தாக்கூட நாக்கு ஊறுதுக்கா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்ப முடியும், எடை எவ்வளவு கொறஞ்சிருக்கு என்று அவன் கேட்பதே இல்லை. கேட்டால் தேவலை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். இவரே மட்டன் பிரியாணி வாங்கி வந்து என் தட்டில் குவித்தார். "தவக்காலம் முடிஞ்சிருச்சுல்ல, இன்னும் என்ன? மூஞ்சியே வாடிப் போச்சு, சாப்புடு." அந்தக் குரலில் அவ்வளவு கனிவு. சாப்பிட்டேன். மறுபடியும் வைத்தார். அதையும் சாப்பிட்டேன். தம்பி தண்ணிக்குத் தவிக்கிறான், நான் எலும்பைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன். நான்லாம் ஒரு அக்காவா?

மே 17

எண்பத்தொன்று. மூன்று வாரமாக அதே எண்பத்தொன்று. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வெயிலில் உப்புப் பூத்துப் போகிறேன். அசையவில்லை. தம்பிக்குக் கையில் ஊசி ஏற்றும் இடம் அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அந்தோணியாரே, எத்தனையோ காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறீர், இந்த ஒன்பது கிலோவைத் தொலைத்துக் கொடுக்கக் கூடாதா? முடியல. என்னால முடியல.

மே 18

போனேன்.

ஜூன் 15

சித்திக்கா ஓடச் சொன்னாள். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடு, அடுத்தது நட. வெட்கமாக இருந்தது. ஆனால் ஓடினேன். நாலாவது கம்பத்தில் சால்வை நழுவி விழுந்ததை வரும்போதுதான் கவனித்தேன். எழுபத்தேழு.

ஜூலை 10

மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலம் போகையில் வேண்டுதலுக்காக மாடியிலிருந்து வீசிய மாம்பழம் ஒன்று நேராக என் கைக்கு வந்தது. இத்தனை வருடத்தில் இதுதான் முதல். தம்பிக்குக் கொடுத்தால் பொட்டாசியம் ஏறும், நான் தின்றால் எடை ஏறும், சித்திக்காவுக்குக் கொடுத்தால் சர்க்கரை ஏறும். முகர்ந்து பார்த்துவிட்டு, வழியில் நின்ற குழந்தையிடம் கொடுத்தேன்.

ஜூலை 28

71.4. டாக்டர் கை கொடுத்தார்.

பறந்துகொண்டு வந்து படிவத்தை இவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். மடித்தார். "இதெல்லாம் வேணாம்" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. "சொன்னீங்களே?" என்றேன். "நீ எளைக்க மாட்டேன்னு நெனச்சுச் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னது."

பேச்சுக்கு. அப்படியானால் அந்தப் பரோட்டா? வாரம் தவறாமல் வந்த அல்வா? ஈஸ்டர் பிரியாணி? நான் பாசம்னு நெனச்சு முழுங்குன ஒவ்வொரு வாயும் — நான் தோக்கணும்னு ஊட்டிருக்கான். அவன். ஆமாம், அவன்னுதான் எழுதுறேன். என் தம்பி கழுத்துல குழாயோட கெடக்கான், இவன் எனக்கு அல்வா வாங்கிட்டு வந்திருக்கான்!

ஜூலை 29

அழுதேன். அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான்.

ஆகஸ்ட் 1

கோட்டுச்சேரியில் இருக்கிற அவனுடைய இரும்புக் கடைக்கு நடந்தே போனேன். பட்டப்பகல், மெயின் ரோடு, சால்வை இல்லை. ஐந்து கிலோமீட்டரில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கம்பி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். ஆணி வாங்க வந்த கொத்தனாரிடம், "அண்ணே, நம்பர சத்தமா படிங்க" என்றேன். அவர் முழித்தார். பிறகு படித்தார்: "எழுபத்தொண்ணு இருநூறு."

"எண்பத்தெட்டா இருந்தேன். எழுபத்திரண்டு வந்தா கையெழுத்துப் போடுறேன்னு இவர் வாக்குக் குடுத்தாரு. என் தம்பி உயிரு இது. போடச் சொல்லுங்க." என் குரலா அது? திருமணமாகிப் பதினாலு வருடத்தில் அந்தக் கடை வாசலில் நான் உரக்கப் பேசியதே இல்லை.

இவர் என்னை உள்ளே கூப்பிட்டார். "இங்கயே பேசலாம்" என்றேன். தராசை விட்டு இறங்கவில்லை. இவர் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடி செய்வேன்? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். முதல்லயே அதச் சொல்லியிருக்கலாம்ல?"

கல்லாவிலிருந்து பேனாவை எடுத்தார்.

பரோட்டாவை நான் மன்னிக்கவில்லை. அது தனிக் கணக்கு.

செப்டம்பர் 21, புதுச்சேரி

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இவர் தாங்க வந்தார், வேண்டாம் என்றேன். வார்டிலிருந்து தம்பி அறையின் கண்ணாடிக் கதவு வரை நாற்பது அடி. கம்பத்துக்குக் கம்பம் எண்ணுவது மாதிரி கட்டில் கட்டிலாக எண்ணி நடந்தேன்.

உள்ளே நர்ஸ் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு லிட்டர் பாக்கி இருக்கு. குடிங்க சார், குடிங்க!"

இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் குடித்துக்கொண்டே இருந்தான். நான் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை.